கடலடிக் குழாயைக் கணினிக்குச் சொல்வது எப்படி?

கொழும்பின் கழிவுநீர் தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே முகத்துவாரத்திலும் கடலடிக் குழாய் வழியாகக் கடலுக்குள் விடப்படுகிறது. அது எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் பார்க்க, கடலை முதலில் கட்டங்களாகப் பிரிப்பார்கள். கட்டத்தின் பக்கம் 50 அல்லது 100 மீற்றர் இருக்கும். இத்தகைய குழாய்களின் துளையோ பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

சிக்கல் அங்கேதான். துளை இருக்கும் கட்டத்தில் "விநாடிக்கு இவ்வளவு நீர்" என்று மட்டும் கொடுத்தால், மென்பொருள் அதை முழுக் கட்டத்திலும் உடனே கலந்துவிடும். கட்டத்தைச் சிறிதாக்கினால் செறிவு ஏறும், பெரிதாக்கினால் இறங்கும். திரையில் தெரிவது கடலின் குணமல்ல, நாம் போட்ட கட்டத்தின் குணம்.

உண்மையில் நடப்பது வேறு. துளையிலிருந்து பாயும் நீர் முதலில் ஜெட், அதை ஓட்டுவது வேகம். கழிவுநீர் பெரும்பாலும் நன்னீர்தான். நம் வெதுவெதுப்பான கடலில் அதன் அடர்த்தி கன மீற்றருக்குச் சுமார் 996 கிலோ, கடல்நீருடையது சுமார் 1022. அதனால் அது மேலே எழத் தொடங்கி, மிதப்பு விசையால் ஓடும் புளூமாக மாறுகிறது. 15 சென்ரிமீற்றர் துளையில் விநாடிக்கு 2 மீற்றர் வேகம் என்று வையுங்கள்: வேகத்தின் உந்தலை மிதப்பு விசையோடு ஒப்பிடும் எண்ணான அடர்த்தி சார்ந்த புரூட் எண் ஏறக்குறைய 10 வரும். துளை விட்டத்தைப் போல் சுமார் 10 மடங்கு, அதாவது ஒன்றிரண்டு மீற்றர் போவதற்குள்ளேயே மிதப்பு விசையின் கை ஓங்கத் தொடங்கிவிடும் என்று அர்த்தம்.

போகும் வழியெல்லாம் அது பக்கத்து நீரை உள்ளே இழுக்கிறது. இழுக்கும் வேகம் பாய்ச்சலின் மைய வேகத்துக்கு விகிதமானது என்ற எளிய கருதுகோளை மோர்ட்டன், டெய்லர், டர்னர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1956இல் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த விகிதம் ஜெட்டுக்குச் சுமார் 0.05, புளூமுக்கு 0.08.

நீரோட்டத்தையும் அதில் கலப்பவற்றையும் கணக்கிடும் ஈஎஃப்டிசி (EFDC) போன்ற மென்பொருள்களில், நீர் எங்கே எப்படி உள்ளே வருகிறது என்று சொல்லும் எல்லை நிபந்தனைகளுள் இதற்குத் தனி வகை உண்டு. துளைகளின் எண்ணிக்கை, விட்டம், கடலடியிலிருந்து உயரம், சாய்வு, கிடைத்திசைக் கோணம் எல்லாவற்றையும் கேட்கும். கோணத்தில் கவனம் வேண்டும்: சில மென்பொருள்கள் கிழக்கிலிருந்து அளக்கும், சில வடக்கிலிருந்து. பிறகு புளூமைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பின்தொடர்ந்து, அது எழுவது நிற்கும் அடுக்கில் கழிவைச் சேர்க்கும்.

துளையின் விவரம் எப்படியும் வரைபடத்தில் கிடைத்துவிடும். கடலின் அடர்த்தி அடுக்குகளைச் சரியாகக் கொடுப்பதுதான் கடினம் என்பேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் களனி கங்கை கடலில் கலக்கிறது. வெள்ளக் காலத்தில் அதன் நன்னீர் மேலே ஓர் அடுக்காகப் பரவும். அடியிலிருந்து எழும் புளூம் 50 மடங்கு கலந்திருந்தால் அதன் அடர்த்தி கிட்டத்தட்டக் கடல்நீருடையதேதான். மேலடுக்கோ அதைவிட இலேசானது. அப்புறம் எப்படி மேலே வரும்? நடுவிலேயே தங்கிவிடும். தென்மேல் பருவக் கொந்தளிப்பு அடுக்குகளைக் கலக்கிவிட்டால், அதே கழிவு மேற்பரப்புக்கு வந்துவிடலாம். ஆகவே ஜெட் கணக்கை மென்பொருள் எத்தனை நேரப்படிக்கு (கணினி காலத்தை நகர்த்தும் சிறு துண்டு) ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்பதையும் கொடுக்க வேண்டும். வெள்ளம் இறங்கும் நாட்களில் அந்த இடைவெளியை நாள் கணக்கில் விடாமல் மணிக் கணக்கில் வைப்பது நல்லது.