பதில் முடிந்தது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

நாகர்கோவிலில் இருந்துகொண்டே குளச்சல், மார்த்தாண்டம் கிளைகளின் ரவுட்டர்களுக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கருவிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே நுழைந்து, ஒரே கட்டளைகளை நாள்தோறும் தட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த வேலையைப் பைத்தான் நிரல்மொழியிடம் ஒப்படைத்துவிடத் தோன்றுவது இயல்பு. பாராமிகோ என்னும் லைப்ரரி இதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு, வெற்றியா தோல்வியா என்பதற்கான எண்ணையும் கையில் தந்து மூடிக்கொள்வது முதல் வழி. அடுத்த கட்டளை புதிதாகத் தொடங்குவதால், முந்தைய கட்டளையில் நாம் மாறிச் சென்ற ஃபோல்டர் அதற்குத் தெரியாது. மறுமுனையில் ஒரு போலி டெர்மினலை (கட்டளை தட்டும் திரையை) கேட்டுப் பெற்று, மனிதர் தட்டுவதைப் போலவே தொடர்ந்து பேசும் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இரண்டாவது வழி.

சிக்கல் இந்த இரண்டாவதில்தான். அடுத்த கட்டளைக்குத் தயார் என்று ரவுட்டர் காட்டும் 'குளச்சல்#' என்ற குறி வரியின் கடைசியில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே நாம் அடுத்ததைத் தட்டுகிறோம். நிரலுக்கு வந்து சேர்வதோ எல்லைக்கோடு எதுவும் இல்லாத பைட்டுகளின் ஓட்டம். ஒருமுறை படித்தால் பாதிப் பதில் கிடைக்கலாம், இரண்டு பதில்கள் ஒட்டிக்கொண்டும் வரலாம். நாம் அனுப்பிய கட்டளையே எதிரொலியாகத் திரும்பி வந்து முன்னால் நிற்கும். நான் முதலில் எழுதிய நிரல், ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு இரண்டு வினாடி காத்திருந்து, அதற்குள் வந்ததை எடுத்துக்கொண்டது. அலுவலகத்துக்குள் ஒழுங்காக ஓடிய அது, ஆனி மாத மழை இரவொன்றில் இணைப்பு தடுமாறியபோது, முதல் கட்டளையின் பதிலை இரண்டாவதன் பதிலாகக் கோப்பில் எழுதி வைத்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, நம் கண் தேடும் அதே குறியை நிரலும் தேட வேண்டும். 1990-இல் வந்த எக்ஸ்பெக்ட் கருவியின் அடிப்படை இதுவே; பைத்தானில் பீஎக்ஸ்பெக்ட் அதையே செய்கிறது. வரும் பைட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய், குறி தென்படும்வரை படிக்கிறது. குறித்த நேரத்துக்குள் தென்படாவிட்டால் பிழை என்று நிறுத்திவிடுகிறது. '#' மட்டும் போதும் என்று விட்டால், பதிலின் நடுவே வரும் ஏதாவதொரு '#' ஏமாற்றிவிடும் என்பதால், ரவுட்டரின் பெயரோடு சேர்த்து, ஓட்டத்தின் கடைசியில் நிற்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. நீண்ட பதில்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒரு விசைக்காகக் காத்திருக்கும் வழக்கத்தையும் தொடக்கத்திலேயே அணைத்துவிட வேண்டும்.

தமிழர்களுக்கென்றே இன்னொரு கண்ணி உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'குமரி' என்ற கோப்புப் பெயர் 15 பைட்டுகள். 'கு' மட்டுமே 6. ஓட்டம் அதன் நடுவில் துண்டுபட்டு வந்தால், கிடைத்த துண்டை உடனே எழுத்தாக மாற்ற முயலும் நிரல் அங்கேயே விழுந்துவிடக்கூடும். குறி வரும்வரை பைட்டுகளாகவே சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக மாற்றினால் விழாது.