கருவால் மானின் வயதைக் கொம்பில் தேடாதீர்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மேற்குப் பகுதியில் பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, ஆபீஸ் கேன்டீன் என்று எங்கே போனாலும் மான் பேச்சுதான். "மூணு பாயின்ட் கிடைச்சுது", "போன வருஷம் நாலு பாயின்டை விட்டுட்டேன்" என்று எல்லாக் கதையும் கொம்பின் கிளைகளை எண்ணியே ஓடும். இங்கே காட்டு விலங்குகளின் நோயையும் வயதையும் பார்ப்பதுதான் என் வேலை. வேட்டை சீசன் முழுக்க மான் தாடைகளைத் திறந்து பார்க்கிறேன். நம்மவர்களில் சிலரும் இப்போது நண்பர்களோடு வேட்டைக்குப் போகிறார்கள். போகாதவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து மான் கறி வருகிறது. எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு பெரிய மான்?" வயதைத்தான் கேட்கிறார்கள் என்றால், கொம்பிடம் அதற்குப் பதில் இல்லை.

முதலில் மானைப் பற்றிக் கொஞ்சம். கருவால் மான் என்பது மியூல் மானின் ஒரு கிளையினம். கலிஃபோர்னியாவின் வட பகுதியிலிருந்து ஓரிகன், வாஷிங்டன் வழியாக பிரிட்டிஷ் கொலம்பியா வரை, காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே கடலைப் பார்த்த ஈரக் காடுகளில் வாழ்கிறது. அதற்கும் வடக்கே, அலாஸ்காவின் தென்கிழக்கில், சிட்கா கருவால் மான் என்ற இன்னொரு கிளையினம் உண்டு. வாலின் மேல்புறம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. கிழக்கே வறண்ட வெளியில் திரியும் மியூல் மானைவிட உருவத்தில் சிறியது, கொம்பும் சிறியது.

இந்தக் காட்டில் மானை எண்ணவே முடிவதில்லை. கிழக்கு ஓரிகனின் புதர்வெளியில் ஹெலிகாப்டரில் பறந்தபடி மியூல் மான்களை எண்ணிவிடலாம். இங்கே டக்ளஸ் ஃபர் மரங்கள் கூரை போட்டிருக்க, கீழே ஆள் உயரத்துக்குப் பெரணியும் சலால் புதரும் முள்பெர்ரியும். பத்தடி தள்ளி மான் படுத்திருந்தாலும் தெரியாது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் புழுக்கையை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களைக் கூட்டிப்போய், கிடைத்த புழுக்கையிலிருந்து மரபணுவைப் பிரித்துக் கணக்குப் போடும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். அதற்கடுத்து நம்மிடம் இருப்பது வேட்டைக்காரர்கள் தருகிற பல்லும் அறிக்கையும் மட்டும்தான். அந்தப் பல்லைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

போன சீசனில் ஓர் இளைஞர், பக்கத்துக்கு மூன்று கிளையோடு அழகான கொம்புள்ள மானைக் கொண்டுவந்தார். நாலைந்து வயதாவது இருக்கும் என்று அவர் நம்பினார். கீழ்த் தாடையைத் திறந்து கன்னத்துக்குள் டார்ச் அடித்தேன். முன்னிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கன்னப்பல், மூன்று முகடோடு தேய்ந்துபோய் நின்றது. அது பால்பல். நிலையான பல் வந்திருந்தால் இரண்டு முகடுதான் இருக்கும். இந்தப் பல் ஒன்றே போதும், மானுக்கு ஒன்றரை வயதுதான். நல்ல மேய்ச்சல் கிடைத்த, வாட்டசாட்டமான குட்டிப் பருவத்து மான். அதே வாரத்தில் ஒரு பெரியவர் கொண்டுவந்த மானுக்குப் பக்கத்துக்கு இரண்டே கிளை. "சின்னதுதான், கறிக்காகச் சுட்டேன்" என்றார். முகம் நரைத்திருந்தது. கடைவாய்ப்பற்கள் ஈறு வரை தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஆய்வகத்தில் வேரை அறுத்துப் பார்த்தபோது எட்டு வயது என்று வந்தது.

கருவால் மானில் இது அபூர்வம் இல்லை. ஆயுள் முழுக்க இரண்டு கிளையோடே இருந்துவிடுகிற ஆண் மான்கள் இந்தக் காடுகளில் நிறைய. கொம்பு வருடாவருடம் உதிர்ந்து புதிதாக முளைக்கிற எலும்பு. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் விழும், வசந்தத்தில் முளைக்கும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வெல்வெட் தோல் உரியும். அந்த வருடம் அது என்ன தின்றது, முந்தைய குளிர்காலத்தில் எவ்வளவு மெலிந்தது, பரம்பரை எப்படி, எல்லாம் சேர்ந்துதான் கொம்பு. வயது அதில் ஒரு பங்கு மட்டுமே. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கொம்பு உச்சத்தைத் தொடும், அப்புறம் சரியவும் செய்யும். கிளையை எண்ணி வயதைச் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

சரி, பல் எப்படி வயது சொல்கிறது? மானுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழே நடுவில் உள்ள இரண்டு வெட்டுப்பற்கள்தான் நமக்கு வேண்டும். அவற்றின் வேரில் சிமென்டம் என்ற படலம் வருடத்துக்கு ஒன்றாகப் படியும். குளிர்காலத்துப் படலம் மெல்லிய கருங்கோடாக நிற்கும். வேரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நீக்கி, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மர வளையத்தை எண்ணுவது போல எண்ணிவிடலாம். மொன்டானாவில் உள்ள மேட்சன் ஆய்வகம் இதற்கென்றே பெயர் பெற்றது.

வேர் முழுதாக இருந்தால்தான் இது நடக்கும். நிறையப் பேர் இடுக்கியால் பிடித்து இழுத்து, பல்லின் தலையை மட்டும் உடைத்து அனுப்புகிறார்கள். அது எதற்கும் ஆகாது. உடல் விறைப்பதற்குள் செய்தால் சுலபம். சிறிய கத்தியைப் பல்லுக்கு இரண்டு பக்கமும் ஈறுக்குள் இறக்கி, வேரை ஒட்டியே தாடை எலும்பு தட்டும் வரை கீறுங்கள். பல் ஆடத் தொடங்கியதும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் முழுதாக வந்துவிடும். ஒட்டியிருக்கும் சதையை அதிகம் சுரண்ட வேண்டாம், வேரின் படலமும் சேர்ந்து போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போட்டு, எங்கே, என்று சுட்டது என்று எழுதுங்கள். ஓரிகன் மீன், வனவிலங்குத் துறை இதற்கென்றே உறை தருகிறது.

சுடுவதற்கு முன்பே வயதை அறிய முடியுமா? துல்லியமாக முடியாது. ஆனால் கொம்பை மறைத்துவிட்டு உடலைப் பார்க்கப் பழகினால், இளசா முதிர்ந்ததா என்பது தெரிந்துவிடும். இளம் மானின் கழுத்து மெலிந்து, தலையோடு நீண்டு தெரியும். கால் நீளமாகவும் வயிறு ஒட்டியும் இருக்கும். முதிர்ந்த மானின் மார்பு கீழிறங்கிக் கனத்திருக்கும், அதனால் கால் குட்டையாகத் தோன்றும். முதுகு சற்றே பள்ளம் விழும், நெற்றி அகலும், முகம் வெளுக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து இணைசேரும் பருவம் நெருங்க நெருங்கக் கழுத்து வீங்கித் தோளோடு சேர்ந்துவிடும். பின்னங்காலின் உட்புறச் சுரப்பி கறுத்து ஈரமாக இருக்கும். பைனாகுலரில் முதலில் இவற்றைப் பாருங்கள், கொம்பைக் கடைசியாகப் பாருங்கள். துப்பாக்கியின் ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்துகிற பழக்கத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடச் சொல்கிறேன். புதருக்குள் அசைவது மனிதராக இருந்தால், உங்கள் குழல் அவர் மீது நிற்கிறது.

முதிர்ந்த மான் கண்ணில் படாமலே இருப்பதற்குக் காரணம், அது மிகச் சிறிய இடத்தில் வாழ்வதுதான். காஸ்கேட் உயரத்தில் இருப்பவை பனிக்கு முன் கீழே இறங்கும். ஆனால் கடலோர மலையில் இருப்பவற்றில் பல, வருடம் முழுக்க ஒரே பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுற்றி வரும். எந்தப் புதரில் எந்த வழி, காற்று எப்போது எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. பகல் முழுக்க அடர்த்திக்குள் படுத்துக்கிடந்து இருட்டில்தான் மேயும். அங்கே போய் மலை மலையாக ஏறி இறங்குவதில் பயனில்லை. மரம் வெட்டி மூன்றிலிருந்து பத்து வருடத்துக்குள்ளான திறந்த இடம், அதை ஒட்டி இருண்ட காடு, இரண்டும் சேரும் விளிம்பு. அங்கே காற்றுக்கு எதிராக உட்கார்ந்து காத்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். அது திரும்பும் நேரத்தில் இடம் மாறாவிட்டால் உங்கள் வாசனையே மானுக்குச் செய்தி சொல்லிவிடும். நல்ல மழை கொட்டி ஓயும் நேரம் என் அனுபவத்தில் மிகச் சிறந்தது. காடு சத்தமில்லாமல் நனைந்திருக்கும், படுத்திருந்தவை எழுந்து வரும். இணைசேரும் பருவத்தின் உச்சம் நவம்பர் நடுவில். அதை நெருங்கும் சீசனின் கடைசி நாட்களில், பெண் மான்கள் எங்கே மேய்கின்றன என்று பாருங்கள், ஆண் அங்கே வரும்.

விளிம்புக் காடு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1933 முதல் 1951 வரை ஆறு வருடத்துக்கு ஒருமுறை எரிந்த டில்லமுக் மலைகளில், கரிந்த நிலத்தில் முளைத்த புதரைத் தின்று கருவால் மான் பெருகியது. இந்த மானுக்கு இளம் புதர்தான் சோறு. 1994-ல் வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்து கூட்டாட்சி அரசின் காடுகளில் மரம் வெட்டுவது பெரிதும் குறைந்தது. முதிர்ந்த காட்டை நம்பியிருக்கும் புள்ளி ஆந்தைக்கு அது தேவைப்பட்டது, அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதர் குறைந்த இடத்தில் மானும் குறைந்தது. மான் குறைந்ததற்கு ஓநாயையும் பூமாவையும் மட்டும் திட்டுகிறவர்கள், தரையில் என்ன முளைக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

முதிர்ந்த மானை மட்டுமே சுட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மான் கூட்டம் நிலைப்பது பெண் மான்களையும் மேய்ச்சலையும் பொறுத்தது. சட்டம் அனுமதிக்கிற இளம் ஆண் மானை வீட்டுக் கறிக்காகச் சுடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை, கறியும் அதில்தான் மென்மை. பெரிய கொம்பு மோகம் முற்றும்போதுதான் இரவில் விளக்கடித்துச் சுடுவதும், தலையை வெட்டிக்கொண்டு உடலை அழுக விடுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட உடல்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பார்த்தால் மாநிலக் காவல்துறையின் வனவிலங்குப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

இனி குண்டு. ஈயக் குண்டு எலும்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கையில் தட்டாது, பல்லிலும் தட்டாது. சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கறியைச் சாப்பிடவே கூடாது. அன்பளிப்பாகக் கறி வந்தால், எந்தக் குண்டு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகும் காக்கையும் தின்கின்றன. 2022-ல் யூரோக் பழங்குடி மக்கள் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் காண்டோர் கழுகுகளை மறுபடி பறக்கவிட்டார்கள். அது கருவால் மானின் சொந்த நிலம். காண்டோருக்குப் பெரிய எமன் ஈயம்தான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. ஓரிகனில் அப்படி ஒரு பொதுத் தடை இல்லை. தடை வரும்வரை காத்திருக்காமல் செம்புக் குண்டுக்கு மாறுங்கள். சீசனுக்கு முன்பே உங்கள் துப்பாக்கியில் அதைச் சுட்டுப் பழகிக்கொள்ள வேண்டும், வேறு சிரமம் இல்லை.

நோய்களில் இரண்டைச் சொல்கிறேன். குளிர்காலக் கடைசியில் முடி உதிர்ந்து, விலாவில் வெள்ளைத் திட்டுகளோடு மெலிந்து நிற்கும் மான்களைப் பார்த்துப் பலர் பயந்து போன் செய்கிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேன், 1990-களின் நடுவிலிருந்து இங்கே இருக்கிறது. குட்டிகளைத்தான் அதிகம் வாட்டும், மனிதரைத் தொற்றாது. இன்னொன்று நாட்பட்ட உருக்கி நோய். மூளையை அரிக்கும் பிரியான் புரதத்தால் வருவது, மருந்து கிடையாது, சமைத்தாலும் அழியாது. ஐடஹோவில் 2021-லும், வாஷிங்டனிலும் கலிஃபோர்னியாவிலும் 2024-லும் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறைகளின் அறிவுரை. அறுக்கும்போது கையுறை போடுங்கள், மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாதீர்கள். வெளி மாநிலத்தில் சுட்ட மானின் தலையையோ முதுகெலும்பையோ ஓரிகனுக்குள் கொண்டுவரக் கூடாது. தலையைக் கொடுத்தால் தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதிப்போம். காரில் அடிபட்ட மானை எடுத்துக்கொள்ள 2019 முதல் ஓரிகன் அனுமதிக்கிறது, அதற்கும் தலையை ஐந்து வேலை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ குண்டையோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால்தான் விதிவிலக்கு. "சும்மா பிடித்துப் பார்" என்று நண்பர் நீட்டினாலும் உரிமம் இல்லாமல் வாங்காதீர்கள். வாஷிங்டனில், 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்கப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஓரிகனில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் கட்டாயம் என்றாலும், பெரியவர்களும் படித்துவிட்டே போங்கள். ஆரஞ்சுச் சட்டையும் அப்படியே. ஓரிகன் சட்டம் சிறுவர்களை மட்டும் கட்டாயப்படுத்துகிறது, நான் எல்லோரையும் போடச் சொல்கிறேன்.

சீசன் முடிந்ததும் அறிக்கை கொடுக்க மறக்காதீர்கள். மான் கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும் கொடுக்க வேண்டும். டிசம்பருக்குள் முடிகிற சீசனுக்கு ஜனவரி 31 கடைசி நாள். தவறினால் ஓரிகனில் அடுத்த உரிமம் வாங்கும்போது 25 டாலர் அபராதம். கிடைக்காதவர்களின் அறிக்கையும் இல்லாவிட்டால் எத்தனை பேர் எத்தனை நாள் தேடினார்கள் என்பதே தெரியாது, கணக்கு சாய்ந்துவிடும். அறிக்கையை ஆன்லைனில் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். பல் உறையைப் பக்கத்திலுள்ள துறை அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். ஆய்வகத்திலிருந்து வயது வரச் சில மாதங்கள் பிடிக்கும்.