ஹாஜர் எடுக்கும் நேரமும் திக்குவாய்ப் பிள்ளைகளும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் திக்குவாய்ப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் எது பிடிக்கவில்லை என்று கேட்டால், பாடத்தையோ பரீட்சையையோ அவர்கள் சொல்வதில்லை. ஹாஜர் (வருகைப் பதிவு) எடுக்கும் நேரத்தைத்தான் சொல்கிறார்கள். அண்மையில் வந்த ஏழாம் வகுப்புப் பையனின் மாஷ் (ஆசிரியர்), அவன் திணறியதை அப்படியே செய்து காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஹாஜர் முடிந்த பிறகுதான் அவன் வகுப்புக்குள் நுழைகிறான். தாமதத்துக்கு வெளியே நிற்பது அவனுக்கு அதைவிட எளிதாக இருக்கிறது. இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பது?

விசாரித்தால் ஆசிரியர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "வாய்ப்பாட்டை எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது திக்குவதில்லை; பாடும்போதும் திக்குவதில்லை. எழுப்பிக் கேள்வி கேட்டால் மட்டும் திக்குகிறான் என்றால் நடிப்புத்தானே, டாக்டர்?" (நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) அது நடிப்பு இல்லை. சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் திக்கல் மறைவது திக்குவாயின் இயல்பு. எங்களுக்கு அது ஓர் அடையாளம். வீட்டு நாயிடம் தடையின்றிப் பேசும் பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது தடுமாறலாம், ஏனெனில் மற்றச் சொற்களைப் போலப் பெயரை மாற்றிச் சொல்லித் தப்பிக்க முடியாது. நேற்றுச் சரளமாகப் பேசியவன் இன்று திக்குவதும் திக்குவாயின் இயல்புதான். திக்கல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. மிரட்டலால் அது போகாது. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று பேசுவதால் வந்தது என்பதும் தவறு. அதற்காக எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம்.

ஆசிரியர் திக்கலை உண்டாக்குவதில்லை. பேசவே அஞ்சும் மனத்தை அவரால் உண்டாக்க முடியும். 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 22 ஆதரவற்ற குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் இயல்பாகப் பேசிய சிலரிடம், பேச்சில் கோளாறு இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குவாயர்கள் ஆகவில்லை. ஆனால் வாயைத் திறக்கவே கூசினார்கள். பல்கலைக்கழகம் 2001-இல்தான் மன்னிப்புக் கேட்டது. என்னிடம் வரும் நடுத்தர வயதினரில், தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும் என்பதற்காகவே நல்ல வேலைகளை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவமதித்த ஆசிரியரின் பெயரை மட்டும் அவர்கள் மறப்பதே இல்லை.

ஆசிரியர்களே, ஹாஜருக்குக் கை உயர்த்தினால் போதும் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். வரிசையாக எழுப்பி வாசிக்க வைக்காதீர்கள். தன் முறைக்காகக் காத்திருப்பதே அந்தப் பிள்ளைக்கு வதை. "மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று அறிவுரை சொல்லவும் வேண்டாம், பாதிச் சொல்லை நீங்களே முடித்துக்கொடுக்கவும் வேண்டாம். அதே நேரம், பாவம் என்று ஒதுக்கியும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், எப்படி வாசிக்க விருப்பம் என்று பிள்ளையைத் தனியாகக் கேட்டு, முதலில் ஒரு தோழியோடு சேர்ந்து வாசிக்க வைத்தார். ஓணப் பரீட்சை முடிந்தபின் அந்தப் பெண் தானாகவே தனியாக வாசிக்க எழுந்தாள்.

பெற்றோர், கேலி தொடர்ந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அங்கே தீராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.