காது குத்துமுன் மடலைத் தடவிப் பாருங்கள்

குழந்தையில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்ட ஓட்டை நம்மில் பலருக்கும் இருக்கிறது. இப்போது கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் இரண்டாவது ஓட்டை, மூன்றாவது ஓட்டை, மடல் விளிம்பில் ஒரு சின்ன வளையம் என்று காதுகள் நிறைந்து தெரிகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் தோட்டின் டிசைனைவிட, அதை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

காதுச் சோணையை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று இருக்கும். உள்ளே கொழுப்பும் நாரும்தான். ரத்த ஓட்டம் தாராளம். விரலை அப்படியே மேலே நகர்த்தினால் ஓரிடத்தில் விறைப்பு தட்டுப்படும். அங்கே குருத்தெலும்பு தொடங்குகிறது. அந்த மேல்பகுதியைத்தான் இங்கே மடல் என்கிறோம். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஊறிவரும் சத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. கிருமி புகுந்தால் எதிர்த்துப் போராட வெள்ளணுக்கள் எளிதில் வந்து சேர முடியாது. சோணையில் குத்தியது 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிட, மடலில் குத்தியதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிப்பது இதனால்தான்.

இந்தப் புண் மற்ற புண்களைப் போல மூடி ஆறுவதில்லை. மலையின் இரு பக்கமிருந்தும் சுரங்கப்பாதை தோண்டுவதுபோல, தோல் முன்வாயிலிருந்தும் பின்வாயிலிருந்தும் கம்பியை ஒட்டி உள்நோக்கி வளர்ந்து நடுவில் சந்திக்க வேண்டும். வெளியே ஆறியது போலத் தெரியும்போதும் உள்ளே பச்சைப்புண்தான். கம்பியோரம் காய்ந்து நிற்கும் வெளிர்மஞ்சள் பொருக்கு பெரும்பாலும் சீழ் அல்ல, நிணநீர். அதை நகத்தால் பெயர்த்தாலும், "தோட்டைத் தினமும் திருகிவிடு" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டாலும் அப்போதுதான் வளர்ந்த தோல் கிழியும். மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். 0.9 சதவீத உப்புக் கரைசலை, அதாவது பார்மசியில் கிடைக்கும் சலைனை, ஊற்றிக் கழுவினால் போதும்.

குத்தும் கருவியும் முக்கியம். 'கன்' எனப்படும் துப்பாக்கி, தோட்டின் கம்பியையே வேகத்தில் அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மடலில் அதைப் பயன்படுத்தினால் குருத்தெலும்பு நசுங்கும், சவ்வு பிரியவும் கூடும். அதன் பிளாஸ்டிக் பாகங்கள் 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கத்தைத் தாங்காது. உள்ளே குழலாக இருக்கும் கூர்மையான ஊசி அப்படியல்ல. திசுவைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும், ஒருமுறையோடு குப்பைக்கும் போகும். உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் தோடு எந்த உலோகம்? நமக்கு உடனே 916 தங்கம் ஞாபகம் வரும். அதில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். மென்மையானது என்பதால் கம்பியில் எளிதில் கீறல் விழும். ஆறாத புண்ணுக்கு அது ஆகாது. மலிவான ஃபேன்சி தோட்டிலும் சில வெள்ளைத் தங்கத்திலும் நிக்கல் இருக்கலாம். வியர்வை நிக்கலைக் கரைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அது போகாது. உடம்புக்குள் தகடு வைக்கப் பயன்படும் தரத்திலான டைட்டானியம் தொடக்கத்துக்கு நல்லது. வீக்கத்துக்கு இடம்விட்டுக் கம்பி சற்று நீளமாக இருக்கட்டும். வீக்கம் வடிந்ததும் கடைக்குப் போய்க் குட்டையாக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் புழுக்கத்தில் இதற்கெல்லாம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தினமும் மோட்டார் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் கழற்றும்போதெல்லாம் மடல் உரசும். அவருக்குச் சோணைதான் சரி. ஒருக்களித்துப் படுப்பவர் இரண்டு மடலையும் ஒரே நாளில் குத்திக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் கெலாய்டு இருந்தால், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரைக் குளியலும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

ஈரத்தில் வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமிதான் மடலுக்குப் பெரிய பகை. மேல்காது சிவந்து, சூடாகி, வீங்கி, கீழே சோணை மட்டும் இயல்பாக இருந்தால் தொற்று குருத்தெலும்பின் சவ்வில் இருக்கக்கூடும். சோணையில் குருத்தெலும்பு இல்லையே. வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது, தாமதித்தால் மடல் சுருங்கி உருவமே மாறிவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், மடலில் குத்தியதைச் சொல்லுங்கள்.