விரல்கள் இறுகிப்போகும் முன்பே: ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளுக்கு வீடியோ அழைப்பில் கைச் சிகிச்சை

குளிர்ந்த நீரில் கை பட்டதும் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு ஏறும்போது சிவந்து குத்துவலி எடுத்தால், நம் வீடுகளில் அதை ரத்தக் குறைவு என்றோ சத்துக் குறைவு என்றோ சொல்லி விட்டுவிடுவது வழக்கம். 1862இல் இந்த நிறமாற்றத்தை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனாடின் பெயரால் இது ரேனாட் நிகழ்வு எனப்படுகிறது. பலருக்கு இது வேறு எந்த நோயும் இல்லாமல் தனியாகவே வரும். ஆனால் காலையில் எழும்போது விரல்கள் தடித்திருப்பது, போட்ட மோதிரம் கழல மறுப்பது, விரலின் மேல் தோலைக் கிள்ளித் தூக்க முடியாமல் போவது ஆகியவை இதனுடன் சேர்ந்துகொண்டால், அது தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா என்னும் நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். வாதநோய் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். கைகளுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில், இந்நோய் கண்டவர்களின் கைகளை அவரவர் வீட்டிலிருந்தபடியே வீடியோ அழைப்பின் மூலம் எப்படிக் காப்பாற்ற முடியும், எங்கே அது போதாது என்பதை இங்கே எழுத விரும்புகிறேன்.

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்குவதால், சிறு ரத்தக் குழாய்கள் சேதமடைந்து, கொலாஜன் என்னும் நார்ப்புரதம் தோலிலும் சிலருக்கு நுரையீரல், உணவுக்குழாய், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளிலும் அளவுக்கு மீறிப் படிகிறது. பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது தொற்றுநோய் அன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: மடங்கிய விரல்களைக் கண்டு தொழுநோயோ என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்குவதால், கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடமாடும் பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். தொழுநோயில் நரம்பு பாதிக்கப்படுவதால் தசை செயலிழந்து விரல் வளைகிறது. இங்கே தோலும் அதன் அடியிலுள்ள திசுக்களும் இறுகுவதால் மூட்டு அசைவிழக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு.

கை இறுகும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால்தான் பயிற்சிகளின் காரணம் விளங்கும். விரல் உள்ளங்கையோடு சேரும் அடி மூட்டு மடங்கும் திறனை இழக்கிறது. நடு மூட்டோ நிமிரும் திறனை இழந்து வளைந்தபடியே நின்றுவிடுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள அகன்ற இடம் சுருங்கிக் கட்டைவிரல் உள்ளங்கையை ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஆன கையால் ஒரு சொம்பைச் சுற்றிப் பிடிக்க முடியாது, சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதும் கடினமாகிவிடும். இருகைகூப்பி வணங்கும்போது உள்ளங்கைகள் சேராமல் நடுவே இடைவெளி தெரிந்தால், அது இந்த மாற்றத்தின் எளிய அறிகுறி. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதே இடைவெளி தோன்றலாம் என்பதால், அதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. தோல் வேகமாகவும் பரவலாகவும் தடிக்கும் வகை நோயில், முதல் சில ஆண்டுகளிலேயே இந்த முடக்கத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கும் நாளிலேயே கைச் சிகிச்சையும் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். விரல்கள் மடங்கி நின்றபிறகு அனுப்பப்படுபவர்களுக்கு நாங்கள் மீட்டுத் தரக்கூடியது மிகவும் குறைவு.

ஆனால் கைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கிறோம். வெளியூரிலிருந்து வருபவர் அதிகாலைக் குளிரில் பேருந்து ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, பிறகு மருத்துவமனையின் ஏசி கூடத்தில் தம் முறைக்காகக் காத்திருந்து என்னிடம் வந்து சேரும்போது, அவர் விரல்கள் வெளுத்து விறைத்திருக்கின்றன. அந்த நிலையில் அளக்கும் அளவு அவருடைய கையின் உண்மையான அளவு ஆகாது. அதே கையை அவர் வீட்டு அடுப்பங்கரையில், வெதுவெதுப்பான நேரத்தில், அவர் அன்றாடம் தூக்கும் பாத்திரத்தோடு பார்க்கும்போது, கூடத்தில் கிடைக்காத பல செய்திகள் கிடைக்கின்றன. முதல் சந்திப்பு நேரில்தான் நிகழ வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தோலின் தடிப்பையும் தசைநாண்களின் உரசலையும் தொட்டுத்தான் அறிய முடியும். அதன் பிறகான தொடர் அமர்வுகளில் பெரும்பாலானவற்றை வீடியோவிலேயே நடத்தலாம்.

அளவெடுப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நடுவிரலின் நுனிக்கும், உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே ஓடும் முதல் குறுக்கு ரேகைக்கும் (கைரேகை பார்ப்பவர்கள் இருதய ரேகை என்பார்கள், அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது) உள்ள தூரத்தை, விரலை முழுக்க நீட்டி ஒருமுறையும் முழுக்க மடக்கி ஒருமுறையும் பள்ளிக்கூட ஸ்கேலால் அளக்கச் சொல்கிறேன். நீட்டும்போது 8 செ.மீ., மடக்கும்போது 4.5 செ.மீ. என்றால் வித்தியாசம் 3.5 செ.மீ. இந்த எண் கூடினால் விரலின் அசைவு கூடுகிறது, குறைந்தால் கை இறுகுகிறது. அத்துடன், ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட ஹாமிஸ் என்னும் மதிப்பீட்டில் விரல், கட்டைவிரல், மணிக்கட்டு, முன்கை ஆகியவற்றின் ஒன்பது அசைவுகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. அதிலுள்ள அசைவுகளில் பலவற்றைத் திரையிலேயே பார்த்துவிட முடிகிறது. பாரிஸின் கொச்சின் மருத்துவமனையின் பெயர் கொண்ட கைச் செயல்திறன் அளவுகோலின் 18 கேள்விகளைப் பேச்சுவாக்கில் கேட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்விகள் சோறு பிசைவதைப் பற்றியோ, ரவிக்கைக் கொக்கி மாட்டுவதைப் பற்றியோ, பூக் கட்டுவதைப் பற்றியோ கேட்பதில்லை. நம் ஊர்க் கைக்கு அவைதான் முதன்மையான வேலைகள் என்பதால் நானாகவே சேர்த்துக் கேட்கிறேன்.

திருப்பூர்ப் பக்கம் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அமர்வைச் சொன்னால் வீடியோவின் பயன் விளங்கும். விரல்களை அடி மூட்டில் மடக்கும் பயிற்சியைச் செய்துகாட்டிய அவர், "இப்ப நல்லா மடங்குதுங்க மேடம்" என்றார். முன்னாலிருந்து பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. அவருடைய மகளிடம், "பாப்பா, போனைப் பக்கவாட்டில் பிடி" என்று சொன்னதும், அசைவது மணிக்கட்டுதான் என்பதும் அடி மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதும் தெளிவாயிற்று. மணிக்கட்டை மேசை விளிம்பில் பதித்து, மறுகையால் விரலின் முதல் கணுவை மட்டும் பிடித்து, நடு மூட்டை நேராக வைத்தபடியே மெல்லக் கீழே அழுத்தச் சொன்னேன். அப்போது கிடைத்த அசைவு மிகச் சிறியதுதான். ஆனாலும் அவருக்குத் தேவைப்பட்ட அசைவு அதுவே. தவறான அசைவை வருடக்கணக்கில் சிரத்தையோடு செய்துகொண்டிருக்கும் நோயாளிகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பார்த்துச் சொல்ல ஆளில்லை.

ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, வலி தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்பு வரை இழுத்துப் பத்து விநாடிகள் அப்படியே நிறுத்தி, சில முறை திரும்பச் செய்வதுதான் அடிப்படைப் பயிற்சி. 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், இவ்வாறு தாங்களாகவே விரல் நீட்டும் பயிற்சி செய்த 45 நோயாளிகளுக்கு ஒரு மாதத்திலேயே விரல் அசைவு கூடியது தெரியவந்தது. நடு மூட்டை நிமிர்த்த, மேசையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து, மறுகையால் மூட்டுக்கு முன்னும் பின்னும் மெதுவாக அழுத்தினால் போதும். மூட்டின் மேலேயே அழுத்தக் கூடாது. அங்கே தோல் மெலிந்து எலும்பை ஒட்டியிருப்பதால் எளிதில் புண்ணாகிவிடும். கட்டைவிரலுக்கு, அகன்ற டம்ளர் ஒன்றைப் பக்கவாட்டில் நுழைத்துப் பிடித்து அந்த இடைவெளியை விரிக்கச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தரப்படும் மஞ்சள் நிற ஸ்பாஞ்சு பந்தை இவர்களும் வாங்கி நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஏற்கெனவே வளைந்து நிற்கும் நடு மூட்டை அது மேலும் வளைக்கவே பழக்குகிறது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பயிற்சிக்கு முன் கையைச் சூடாக்குவது அவசியம், ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. பாரஃபின் மெழுகுக் குளியலுடன் பயிற்சியும் செய்த கை, பயிற்சி மட்டும் செய்த கையைவிட நன்றாக அசைந்ததை ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கான மெழுகில் எண்ணெய் சேர்த்து அதன் உருகுநிலையைக் குறைத்திருப்பார்கள். கடையில் வாங்கும் மெழுகுவத்தியை அடுப்பில் உருக்கிக் கையை நனைத்தால் தோல் வெந்துவிடும். ஆகவே வீட்டில் மெழுகு வேண்டாம் என்பதே என் அறிவுரை. வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் கையை வைத்து, துடைத்து, உடனே தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவிக்கொண்டு தொடங்கலாம். விரலில் திறந்த புண் இருந்தால் அந்த விரலுக்கு நீரும் வேண்டாம், இழுப்பும் வேண்டாம். விரலை நிமிர்த்தி வைக்கும் ஸ்ப்ளிண்ட் ஒன்றை இணையத்தில் வாங்கி மாட்டிக்கொள்வதும் இப்படிப்பட்டதே. ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த ஓட்டத்தை இறுக்கமான பட்டை மேலும் குறைக்கும்.

பயிற்சிக் காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா என்று சக பணியாளர்களே கேட்டதுண்டு. கனடாவின் மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஸ்பின் என்னும் பன்னாட்டு ஸ்க்ளீரோடெர்மா ஆய்வுக் கூட்டமைப்பு, மிகுந்த கவனத்தோடு தயாரித்த இணையவழிக் கைப் பயிற்சித் திட்டத்தைச் சோதித்தபோது, அதைப் பெறும் வாய்ப்பளிக்கப்பட்டவர்களின் கைச் செயல்திறன் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. பலர் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயிற்சிகள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு என நினைக்கிறேன். நோயின் களைப்பு, வலி, குடும்ப வேலை எல்லாவற்றுக்கும் நடுவே தனியாக உட்கார்ந்து ஒரு காணொளியைப் பார்த்துப் பயிற்சி செய்வது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அது சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது, பதினைந்து நிமிடமாவது, பெயர் சொல்லி அழைத்து அந்தக் கையைப் பார்க்க ஒருவர் இருக்கும்போதுதான் பயிற்சி தொடர்கிறது என்பது என் அனுபவம். வீட்டில் இருக்கும் ஒருவரையும் அமர்வில் உட்கார வைப்பது இன்னும் நல்லது.

அழைப்புக்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. ஜன்னல் வெளிச்சம் கையின் மீது விழும்படி உட்கார்ந்து, வளையல் மோதிரங்களைக் கழற்றி, கைகளைத் தலையணை மேல் வைத்துக்கொள்ள வேண்டும். கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும்; போன் கேமரா நிறத்தைத் தானாக மாற்றிவிடுவதால், தாளோடு ஒப்பிட்டால்தான் விரலின் வெளுப்பும் நீலமும் தெரியும். மாநிறத்தவர்க்கும் கருநிறத்தவர்க்கும் விரலின் மேற்புறத்தைவிட நகத்திலும் நுனியின் உட்புறத்திலும்தான் நிறமாற்றம் தெளிவாகத் தெரியும், எனவே அவற்றையே முதலில் காட்டச் சொல்கிறேன்.

அன்றாட வேலைகளைப் பற்றிய பேச்சுக்கே அமர்வில் பாதி நேரம் போய்விடும், அதை நான் வீண் என்று கருதுவதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை வெறுங்கையால் எடுக்காமல் துணியோடு எடுப்பது, குளிர்ந்த மாவைத் தாமே எடுக்காமல் வேறொருவரை எடுத்து வைக்கச் சொல்வது, மார்கழியில் வாசல் தெளிக்க வெந்நீர் கலந்துகொள்வது, கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குவது, உடல் முழுவதையும் கதகதப்பாக வைத்திருப்பது ஆகியவை மருந்துச் சீட்டில் இடம்பெறாதவை. கையுறை மட்டும் அணிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தாலும் விரல் நுனியில் ரத்தம் குறையும். புகைபிடிப்பதை அறவே நிறுத்த வேண்டும், பிறர் விடும் புகையையும் தவிர்க்க வேண்டும். இன்னொன்று: விரல் நுனித் தோல் இறுகிவிட்டவர்களுக்குக் கைரேகை பதியாமல் ரேஷன் கடையிலும் வங்கியிலும் திருப்பி அனுப்பப்படும் தொல்லை நேர்கிறது. ஆதாருக்குக் கருவிழி, முகம், ஓடிபி ஆகிய மாற்றுவழிகளும் உண்டு என்பதை அவர்கள் கேட்டுப் பெறலாம்.

வீடியோவில் முடியாதவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விரல் நுனி கருத்துப்போனாலோ, வெளுத்த விரல் சூட்டில் வைத்தும் நிறம் திரும்பாமல் கடும் வலி எடுத்தாலோ, புண்ணில் சீழும் காய்ச்சலும் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயிற்சி அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. திடீரென ரத்த அழுத்தம் ஏறுவது, புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றுவது, படியேறும்போது மூச்சு வாங்குவது ஆகியவை கையோடு தொடர்பில்லாதவை என்று தோன்றினாலும், இந்நோய் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு அழைப்பையும் விரல்களில் தொடங்காமல் மூச்சு எப்படி இருக்கிறது, கடைசியாக பி.பி. எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது என்ற கேள்விகளில் தொடங்குகிறேன். வீட்டில் ஒரு டிஜிட்டல் பி.பி. கருவி இருப்பது நல்லது. அதன் அளவுகளையும் விரலின் ஸ்கேல் அளவுகளையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதி, வாதநோய் மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.