ஏவிஆரை மேனுவல்லயே போட்டு வைக்காதீங்க

ரிலே டெஸ்டிங்குக்காக நான் போற 110/11 கேவி சப்ஸ்டேஷன் நிறைய இடத்துல ஆர்டிசிசி பேனல்ல (டேப்பை தூரத்துல இருந்து மாத்தற கண்ட்ரோல் பேனல்) ஏவிஆரோட, அதாவது வோல்டேஜைப் பாத்து ட்ரான்ஸ்ஃபார்மர் டேப்பைத் தானா மாத்தற ரிலேவோட, ஆட்டோ சுவிட்ச் மேனுவல்லதான் கிடக்கும். ஏன்னு கேட்டா "ஆட்டோல போட்டா டேப் ஓடிட்டே இருக்கு சார், எதுக்கு வம்பு"ம்பாங்க ஷிப்ட்ல இருக்கறவங்க. அவங்க சொல்றது உண்மைதான், ஆனா பெரும்பாலும் அது ஏவிஆர் ரிலேவோட கோளாறு இல்ல, செட்டிங் கோளாறு.

நம்ம பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்ல வழக்கமா 17 டேப், அதாவது வோல்டேஜை ஏத்தி இறக்கற 17 நிலை, ஒரு ஸ்டெப்புக்கு 1.25 சதவீதம். வோல்டேஜைக் குறைச்சு ரிலேவுக்குக் கொடுக்கற சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்தான் பிடி, அதோட செகண்டரி 110 வோல்ட், அப்ப ஒரு டேப் மாறினா ரிலே பாக்கற வோல்டேஜ் சுமார் 1.4 வோல்ட் நகரும். ஒரு இடத்துல பேண்ட்விட்த் (ஏவிஆர் டேப்பை மாத்தாம விடற வோல்டேஜ் எல்லை) ப்ளஸ் மைனஸ் அரை சதவீதம்னு வச்சிருந்தாங்க, அதாவது 109.45-ல இருந்து 110.55 வரைக்கும், மொத்தமே 1.1 வோல்ட். வோல்டேஜ் 109.3-க்கு இறங்குது, ஏவிஆர் ஒரு ரைஸ் கொடுக்குது, 110.7 ஆயிடுது, அது மேல் எல்லையத் தாண்டிடுச்சு, உடனே லோயர், திரும்ப 109.3, திரும்ப ரைஸ், விடிய விடிய இதேதான். படி அகலம் ஒரு அடி, எடுத்து வைக்கிற கால் ஒன்னேகால் அடின்னா எங்க போய் நிக்கறது? ஒவ்வொரு மாத்தத்துக்கும் எண்ணெய்க்குள்ள டேப் மாத்தற டைவர்ட்டர் சுவிட்ச் காண்டாக்ட்ல ஆர்க் விழும், காண்டாக்ட் தேயும், அந்த சேம்பர் ஆயில் கருத்துப் போகும். ப்ளஸ் மைனஸ் 1.25-ன்னு மாத்தி, டைம் டிலே 60 செகண்ட் வச்சேன், அதோட ஓட்டம் நின்னுடுச்சு. டிலே ரொம்பக் கம்மியா வச்சா பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகற சின்ன டிப்புக்கெல்லாம் டேப் ஓடும், அதையும் பாத்துக்கணும்.

மேனுவல்ல இருந்தா என்ன குறைஞ்சு போச்சுன்னு கேக்காதீங்க. சாயங்கால பீக்ல ஆபரேட்டர் லைன் கிளியர் (லைன்ல வேலை பாக்க அனுமதி) கொடுக்கறதா, ஃபோன் எடுக்கறதா, வோல்ட் மீட்டரைப் பாக்கறதா? பீக்ல ஏத்தின டேப்பை ராத்திரி 2 மணிக்கு லோடு இறங்கினப்ப யாரும் இறக்கலைன்னா 11 கேவி மேல போயிட்டே இருக்கும். ஏத்த மறந்தா கடைக்கோடி விவசாய மோட்டார் வோல்டேஜ் இல்லாம கரண்ட்டைக் கூட இழுத்து காயில் கருகும், ரீவைண்டிங் செலவு அந்த விவசாயி தலைல. லைன்ல விழற டிராப் எல்லாத்தையும் ஏவிஆர் சரி பண்ணிடாது, ஆனா ஸ்டேஷன்ல இருந்து கிளம்பற பஸ் வோல்டேஜே சரியில்லன்னா அந்தக் கடைசி வீட்டுக்கு என்ன போய்ச் சேரும்?

நான் பயந்த விஷயம் ஒன்னு இருக்கு. ஒரு ஸ்டேஷன்ல பிடி ஃபியூஸ் ஒன்னு போயிடுச்சு, ரிலேவுக்கு வர்ற வோல்டேஜ் பாதியா விழுந்துச்சு, வோல்டேஜ் ரொம்ப இறங்கினா ஏவிஆரைத் தடுத்து நிறுத்தற அண்டர்வோல்டேஜ் பிளாக்கை யாரோ ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. ஏவிஆருக்கு ஃபியூஸ் போனது தெரியாது, வோல்டேஜ் கம்மின்னு மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு டேப்பா ஏத்திக்கிட்டே போய் 17-ல நின்னுச்சு. அந்த டேப்ல எச்வி, அதாவது 110 கேவி பக்கம் மைனஸ் 15 சதவீதம், அப்ப உள்ள வர்றது முழு 110 கேவியா இருந்தா வெளிய நோ லோடுல 12.9 கேவி. 11 கேவிக்கு ப்ளஸ் 6 சதவீதம்னா 11.66-தான் எல்லை. அன்னைக்கு லோடு இருந்ததால அவ்ளோ போகல, ஆனாலும் டிவி, ஃப்ரிட்ஜ் போச்சுன்னு ஜனங்க வந்து நின்னாங்க. அவங்க முகத்தைப் பாக்க முடியல.

அதனால ஆட்டோல போடறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. முறையா பர்மிஷன் வாங்கி, பிடி சப்ளைய ரிலேல இருந்து பிரிச்சுட்டு, வேரியாக்ல (வோல்டேஜை ஏத்தி இறக்கற கருவி) 110 வோல்ட் கொடுத்து மெதுவா இறக்குங்க. பிளாக் 80 சதவீதம்னா 88 வோல்ட்டுக்குக் கீழ ரைஸ் கமாண்ட் நிக்கணும், அலாரம் அடிக்கணும். ரெண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் பேரலல்ல ஓடுதுன்னா மாஸ்டர் ஃபாலோயர் (ஒன்னு டேப் மாறினா இன்னொன்னும் கூடவே மாறற அமைப்பு) சரியா இருக்கான்னும் பாருங்க, ரெண்டையும் தனித்தனியா ஆட்டோல விட்டா ஒன்னு மேல ஏறும், ஒன்னு கீழ இறங்கும், நடுவுல சும்மா கரண்ட் சுத்தும். எல்லாம் முடிஞ்சதும் டேப் எத்தனை தடவை மாறுச்சுன்னு காட்டற ஆபரேஷன் கவுண்டர் ரீடிங்கை லாக் ஷீட்ல எழுதுங்க, ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பாருங்க.