பழைய காசை வெளிநாட்டுக்கு விற்கப் போகிறீர்களா? முதலில் வருஷத்தைப் பாருங்கள்

போன மாசம் திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். அவருடைய அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அப்பா விட்டுப்போன தகர டப்பாவை அப்படியே மேசையில் கவிழ்த்தார். கூந்தல் பனை பொறித்த இலங்கைச் சதங்கள், ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், கைநிறைய ஓட்டைக் காலணாக்கள்.

“இத லண்டன்ல ஒருத்தரு பன்னெண்டு லட்சத்துக்குக் கேக்காரு சார். கஸ்டம்ஸ் மட்டும் நாம கட்டணுமாம்” என்றார்.

ஏற்கெனவே இரண்டு தவணையாக 27,500 ரூபாய் கட்டிவிட்டார். மூன்றாவதாக ‘ரிசர்வ் வங்கிச் சான்றிதழ்’ என்று கேட்டபோதுதான் சந்தேகம் தட்டி, தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்டாக, அதாவது ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பார்த்துத் தருபவனாக இருக்கும் என்னைத் தேடி வந்திருக்கிறார்.

இறக்குமதி வரி என்பது சரக்கு போய்ச் சேரும் நாட்டின் அரசுக்குப் போகும் பணம். வழக்கமாக அதை வாங்குபவர்தான் கட்டுவார். நாணயத்துக்கு இந்தியாவில் ஏற்றுமதி வரி கிடையாது. சில நாடுகளுக்கு, விற்பவரே வரியை முன்கூட்டிக் கட்டி அனுப்பும் முறை உண்டு. அப்போதும் தபால் கவுண்டரிலோ கூரியர் கவுண்டரிலோ பார்சலைக் கொடுக்கும்போது கட்டி, ரசீது வாங்குவீர்கள். காசு இன்னும் உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும்போதே யாரோ ஒருவருடைய செல்போன் எண்ணுக்குக் கட்டச் சொன்னால் அது கஸ்டம்ஸ் இல்லை, திருட்டு. பழைய நாணயம், நோட்டு விற்பனைக்குத் தான் கட்டணமோ கமிஷனோ வாங்குவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அண்ணாச்சியை அங்கேயே உட்காரவைத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்தோம்.

சரி, நிஜமாகவே வாங்க ஆள் இருக்கிறார் என்றே வையுங்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது வரியை அல்ல, வருஷத்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த எந்த நாணயமும் தொல்பொருள். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, அபராதமும் உண்டு. ‘எங்க தாத்தா காசுதானே’ என்பது அங்கே செல்லாது.

நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் அதிகம் கிடப்பது ஐந்தாம் ஜார்ஜ் காசு. அவர் தலை போட்ட ஒரு ரூபாய் 1922-உடன் நின்றுவிட்டது. அதனால் அத்தனையும் நூறைத் தாண்டியவை. ஆனால் அவருடைய காலணா 1936 வரை வந்தது. ஒரே ராஜா, ஒரே முகம். ஒன்று போகலாம், இன்னொன்று போகக் கூடாது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். கோட்டில் நிற்கும் காசு என்றால் மத்திய தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்காமல் பார்சல் கட்டாதீர்கள்.

கொற்கைப் பக்கம் வயலிலோ தாமிரபரணிக் கரையிலோ மீன் பொறித்த பாண்டியர் காசு அகப்பட்டால் அது வேறு கதை. பூமிக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனைப் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் காசு இந்த மண்ணின் சரித்திரம். ஒரு பார்சலில் அது போய்விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

நூறு வருஷம் ஆகாத காசுக்கு வழி உண்டு. தொழிலாகச் செய்பவருக்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு செய்து எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால், ஏற்றுமதி மீதான ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டாமலே அனுப்பலாம். பணம் வங்கி வழியாக வரட்டும். லாபம் வருமான வரிக் கணக்கில் ஏறட்டும். கஸ்டம்ஸ் சரக்குப் பட்டியலில் சேகரிப்பு நாணயங்களுக்கு உரிய தலைப்பு எண் 9705. இதை இன்வாய்ஸில் சரியாகப் போடுவது முக்கியம். உதாரணத்துக்கு, இந்தத் தலைப்பில் வரும் சேகரிப்புப் பொருளுக்கு பிரிட்டனில் இறக்குமதி வாட் 5 சதவீதம்தான். சும்மா ‘உலோகப் பொருள்’ என்று எழுதினால் 20 வரை போய்விடும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. அதற்கு முன் எழுதிய யோசனைகளை நம்பி விலை பேசாதீர்கள்.

அப்புறம், வாங்குபவர் சிலர் ‘கிஃப்ட் என்று எழுதுங்கள், பத்து டாலர் போடுங்கள்’ என்பார்கள். வரி மிச்சமாவது அவருக்கு; பொய்க் கையெழுத்து உங்களுடையது. பிடிபட்டால் பறிமுதல், அபராதம். வழியில் தொலைந்தால் இன்சூரன்ஸும் அந்தப் பத்து டாலருக்குத்தான். தபாலோ கூரியரோ, நாணயம் எடுப்பார்களா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் எடுப்பதில்லை.

அண்ணாச்சியின் காசுகளை அன்று சாயங்காலம் வரை இரண்டு குவியலாகப் பிரித்தோம். வெள்ளி ரூபாய் எல்லாம் வீட்டுக்கே திரும்பிப் போகும் குவியலில். இன்னொன்றில் ஓட்டைக் காலணாக்கள், ஆறாம் ஜார்ஜ் காசுகள், 1947-ஆம் வருஷத்துப் புலி போட்ட நிக்கல் ரூபாய் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றைத் தனியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் பிறந்த வருஷமாம்.